கோரிக்கை மனு: மாதச் சம்பளக்காரர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கணக்கில் உறுதிசெய்யக் கோருதல்

அனுப்புநர்
துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை மற்றும் தனியார் அலுவலகங்களில் மாதச் சம்பளத்துக்குப் பணிபுரிவோர் சங்கத்தின் நிர்வாகிகள்,
மதுரை.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள், தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை, தலைமைச் செயலகம், சென்னை.
தொழிலாளர் ஆணையர் அவர்கள், சென்னை.

பொருள்: கடைகள், நிறுவனங்களில் மாதச் சம்பளம் பெறும் ஊழியர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம், மிகைநேர ஊதியம் ஆகியவற்றை முறையாகக் கணக்கிட்டு வழங்கச் செய்தல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,



குறைந்தபட்சக் கூலி என்றதும் எங்கள் உறுப்பினர்களில் பலர், “அது கொத்தனார், சித்தாள், சுமை தூக்குகிறவர்களுக்கு உள்ளது, நாம் சம்பளக்காரர்கள்” என்றுதான் சொல்வார்கள். அதில் ஒரு பெருமையும் இருக்கிறது. தினக்கூலிக்குப் போன அப்பாவின் பிள்ளை, மாதம் பிறந்தால் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குகிறான் என்பது எங்கள் வீடுகளில் சின்ன விஷயம் இல்லை. வருத்தம் என்னவென்றால், அந்தப் பெருமையே எங்களுக்கு எதிராகத் திரும்பியிருக்கிறது. “நீ என்ன கூலியாளா, மணி பார்த்து வேலை செய்ய?” என்ற ஒரு கேள்வியில் எத்தனையோ பேருடைய மிகைநேர ஊதியம் காணாமல் போகிறது.

சட்டம் இந்த வேறுபாட்டை ஒருநாளும் செய்யவில்லை. 1948-ஆம் ஆண்டு குறைந்தபட்ச ஊதியச் சட்டமே ஊதியத்தை மணி, நாள், மாதம் என எந்தக் கால அளவிலும் நிர்ணயிக்கலாம் என்றது. எழுத்தர் வேலையையும் அது சேர்த்துக்கொண்டது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு இன்னும் விரிவானது. பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டும் என்ற வரம்பை நீக்கிவிட்டு, மேற்பார்வை, நிர்வாகம், தொழில்நுட்பம், எழுத்துப் பணி என எல்லாரையும் ஊழியர் என்ற சொல்லுக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே மாதம் என்பது சம்பளத்தை எண்ணிக் கொடுப்பதற்கான ஒரு கால அளவுதான். மணிக்கணக்கிலிருந்து விலக்கு அளிக்கும் சொல் அல்ல அது. இந்த மனுவில் நாங்கள் கேட்பவை எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

கணக்கைச் சற்று விளக்கமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்தை வரையறுக்கிறது. அதற்கு மேல் செய்யும் வேலைக்கு இரட்டிப்பு ஊதியம். எங்கள் ஊர் மாசி வீதிகளிலும் சரி, சென்னை ரங்கநாதன் தெருவிலும் சரி, பெரிய கடைகளில் விற்பனை ஊழியர் காலை ஒன்பதரைக்கு உள்ளே வந்தால், ஷட்டர் இறங்கி, பிரித்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்கி, வெளியேற இரவு ஒன்பது ஆகும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரம் கழித்தால் பத்தரை மணி நேர வேலை. நாளைக்கு இரண்டரை மணி நேரம் கூடுதல். 26 வேலைநாளில் அது 65 மணி நேரம்.

எடுத்துக்காட்டுக்காக ஒருவருக்கு உரிய குறைந்தபட்ச மாத ஊதியம் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 500, மணிக்கு 62 ரூபாய் 50 காசு. 65 மணி நேரத்துக்கு இரட்டிப்பு வீதத்தில் 8,125 ரூபாய். ஆக அந்த மாதம் அவர் கைக்கு வரவேண்டியது 21,125 ரூபாய். ஆனால் 13,000 மட்டும் கொடுத்துவிட்டு, “அரசு சொன்னதைக் கொடுத்துவிட்டோம்” என்று பதிவேட்டைக் காட்டுகிறார்கள். ஆய்வுக்கு வரும் அலுவலரும் மாதத் தொகையை மட்டும் அறிவிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனால், காகிதத்தில் குற்றம் எதுவும் தெரியாது. மிகைநேர மணிகளை இரட்டிப்பாக எண்ணிப் பார்த்தால் அந்த ஊழியரின் ஒரு மணி நேரத்துக்கு 38 ரூபாய் 46 காசுதான் தரப்பட்டிருக்கிறது. இத்தனை மணி நேரம் வேலை வாங்குவது மிகைநேரத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பையே தாண்டுகிறது என்பது தனி மீறல்.

எனவே முதன்மையாக நாங்கள் வேண்டுவது இது. மாதச் சம்பளம் பெறுவோருக்கான நாள் ஊதியம், மணி ஊதியம் ஆகியவற்றை எப்படி வகுத்துக் கணக்கிட வேண்டும் என்பதை மாநில விதிகளிலும் ஊதிய அறிவிக்கைகளிலும் ஐயத்துக்கு இடமின்றி எழுத வேண்டும். பணிக்கொடைக்கு மாத ஊதியத்தை 26-ஆல் வகுக்க வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் முதல் சட்டத்திலேயே இருந்துவரும் முறை. மிகைநேரத்துக்கும் அதே 26-தான் வகுஎண் என்று அறிவிக்க வேண்டும். சில நிறுவனங்கள் மிகைநேரத்துக்கு 30-ஆல் வகுப்பதும், லீவுக்குப் பிடிக்கும்போது 26-ஆல் வகுப்பதும் இனி நடக்கக் கூடாது.

வேலை நேரத்துக்குச் சான்று எங்கே என்று கேட்பார்கள். வருகைப் பதிவேட்டில் எல்லாருக்கும் ஒரே நேரம், ஒரே மையில் எழுதியிருக்கும். அதை நம்ப வேண்டாம். கடையின் பில் மெஷின் பொய் சொல்லாது. அன்றைய முதல் பில்லும் கடைசிப் பில்லும் எத்தனை மணிக்குப் போடப்பட்டன என்பது அதில் பதிவாகியிருக்கிறது. கண்காணிப்புக் கேமராவும் எல்லாப் பெரிய கடைகளிலும் உண்டு. ஆய்வின்போது இவற்றையும் வருகைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என ஆய்வு அலுவலர்களுக்கு எழுத்துப்பூர்வமாக அறிவுறுத்த வேண்டுகிறோம். ஆய்வுகள் காலை பதினொன்றுக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையில் மட்டும் நடந்தால் பயனில்லை, கடை அடைக்கும் நேரத்திலும் நடக்க வேண்டும்.

அடுத்தது படிகளைப் பற்றியது. தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் என்பது அடிப்படை ஊதியமும், விலைவாசிக் குறியீட்டைப் பொறுத்து ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாற்றப்படும் அகவிலைப்படியும் சேர்ந்தது. இரண்டையும் கூட்டிய தொகைக்குக் குறையாமல் கொடுத்தால் போதும், தனித்தனியே பிரித்துக் காட்ட வேண்டியதில்லை என்று ஏர்ஃபிரைட் நிறுவன வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பைக் காட்டி, பயணப்படி, விற்பனைக் கமிஷன், நிறுவனம் கட்ட வேண்டிய வருங்கால வைப்புநிதிப் பங்கு எல்லாவற்றையும் கூட்டி, “குறைந்தபட்சத்துக்கு மேலேயே தருகிறோம்” என்கிறார்கள். சட்டத் தொகுப்பின்படி இவை ஊதியத்தில் சேராதவை. பழைய சட்டத்தில் சேர்ந்திருந்த வீட்டு வாடகைப்படியும் இப்போது சேராது. இத்தகைய விலக்குகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமே ஊதியமாகக் கொள்ளப்படும். இந்த விளக்கத்தை எளிய தமிழில், ஒரு பக்கத்தில், அவ்வாண்டின் ஊதியத் தொகையோடு சேர்த்து ஒவ்வொரு கடையிலும் ஊழியர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டச் செய்ய வேண்டும். தலைப்பில் “மாதச் சம்பளக்காரர்களுக்கும்” என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும்.

தென் மாவட்டங்களிலிருந்து வரும் இளைஞர்களைச் “சாப்பாடு, தங்குமிடம் இலவசம்” என்று சொல்லியே பெரிய நகரக் கடைகளுக்கு அழைத்துவருகிறார்கள். முதல் மாதச் சம்பளத்தில்தான் அவை இலவசமல்ல என்பது தெரிகிறது. வீட்டுக்கு அனுப்பப் பணம் குறையும்போது அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று புரியாமல் நிற்கும் பத்தொன்பது வயதுப் பெண்களை எங்கள் சங்க அலுவலகத்தில் பார்த்திருக்கிறோம். ஒரு கூடத்தில் பலர் படுத்து எழும் இடத்துக்கும், ஆறிப்போன சோற்றுக்கும் கடை நிர்வாகம் தன்னிஷ்டத்துக்கு ஒரு விலை வைத்து அதைக் குறைந்தபட்ச ஊதியத்திலிருந்து கழிப்பதை அனுமதிக்கக் கூடாது. பிடித்தம் எதுவாயினும் அதற்கு உச்சவரம்பை அரசே நிர்ணயித்து, சம்பளச் சீட்டில் தனி வரியாகக் காட்டச் செய்ய வேண்டுகிறோம்.

பத்து நிமிடம் தாமதமானால் அரை நாள் சம்பளம் பிடிப்பதும் இதே வகைதான். வேலைக்கு வராத நேரத்தின் விகிதத்துக்கு மேல் பிடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. சம்பளம் ஏழாம் தேதிக்குள் தரப்பட வேண்டும் என்பதும் தெளிவாகவே இருக்கிறது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாளிலும் ஐந்து பண்டிகை விடுமுறைகளிலும் வேலை வாங்கினால் இரட்டிப்பு ஊதியம் என்ற 1958-ஆம் ஆண்டுச் சட்டம், மாதச் சம்பளக்காரர்களிடம் வந்தால் மறந்துபோகிறது.

பதவிப் பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து ஆண்டு அனுபவமானதும் ஒருவரைச் சூப்பர்வைசர் என்றோ புளோர் மேனேஜர் என்றோ அழைக்கத் தொடங்குகிறார்கள். சட்டையின் நிறம் மாறும், சம்பளம் ஐநூறு ரூபாய் கூடும், மிகைநேரம் கேட்கும் உரிமை போய்விட்டதாகச் சொல்லிவிடுவார்கள். மறுமுனையில், ஓராண்டு கடந்தும் டிரெய்னி என்றே வைத்திருக்கப்படுபவர்கள் இருக்கிறார்கள். பயிற்சியாளர் சட்டப்படி பதிவு செய்யப்படாத எவரும் முழு ஊழியரே என்றும், பதவியின் பெயரைப் பார்க்காமல் செய்யும் வேலையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்றும் சுற்றறிக்கை வெளியிடக் கோருகிறோம்.

எங்கள் உறுப்பினர் பலரின் மனைவியர் தனியார் பள்ளி ஆசிரியைகள். எங்கள் கோரிக்கைக்கு வெளியே இருந்தாலும் அவர்களை விட்டுவிட மனம் வரவில்லை. ஆசிரியர்கள் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஊழியர் என்ற சொல்லுக்குள் வரமாட்டார்கள் என்று 1996-இல் ஹரியானா பள்ளிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதால், மாதச் சம்பளக்காரர்களிலேயே அவர்களுக்குத்தான் பாதுகாப்பு குறைவு. புதிய தொகுப்பின் விரிந்த பொருளில் அவர்களின் நிலை என்ன என்பதை அரசு விளக்க வேண்டும்.

இணைய வணிகத்தால் வியாபாரம் படுத்துவிட்டது, இவ்வளவு கொடுக்க முடியாது என்று முதலாளிகள் தரப்பில் சொல்வார்கள். முதலாளியே கல்லாவில் உட்கார்ந்து, அவர் மனைவியே பொட்டலம் கட்டும் சின்னக் கடைகளின் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். எங்களில் பலர் அங்குதான் தொழில் கற்றோம். அவர்களுக்கு அரசு வேறு வகையில் கைகொடுக்கட்டும். ஆனால் குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கும்போது முதலாளியின் கொடுக்கும் சக்தி கணக்கில் வராது என்று 1961-இல் உனிச்சோயி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு உணவு, துணி, வாடகை, எரிபொருள் என்று வகுத்த அளவுகோலோடு, பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், பண்டிகை, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக இன்னும் 25 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்று 1991-இல் ரெப்டகோஸ் பிரெட் தொழிலாளர் வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது. கடைகள், நிறுவனங்களுக்கான அடிப்படை ஊதியத்தை அடுத்த முறை திருத்தும்போது இந்த அளவுகோலின்படி கணக்கிட்டு, அந்தக் கணக்கையும் வெளியிட வேண்டும்.

கடைசியாக, பயத்தைப் பற்றி. குறைந்த ஊதியத்துக்கான கோரிக்கையை மூன்று ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யலாம், கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது, பாக்கியோடு பத்து மடங்கு வரை இழப்பீடும் பெறலாம் என்றெல்லாம் சட்டம் சொல்கிறது. இருந்தும் வேலையில் இருக்கும்போது மனு கொடுக்க எவரும் துணிவதில்லை. ஆய்வு அலுவலரும் பதிவு பெற்ற தொழிற்சங்கமும் ஊழியருக்காக மனு தாக்கல் செய்யச் சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே ஆய்வில் குறைவு தெரிந்தால் ஊழியரின் புகாருக்குக் காத்திராமல் அலுவலரே தாக்கல் செய்ய வேண்டும் என்றும், அத்தகைய மனுக்களில் ஊழியரின் பெயர் நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தெரியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் வேண்டுகிறோம்.

2021-இல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தி, நாள் முழுதும் நின்றே இருந்த எங்களுக்கு உட்கார இருக்கை தரச் செய்தது. அந்த இருக்கையைக் கேட்டு நடந்தபோதும் இதே போல் ஒரு மனுவோடுதான் நடந்தோம். ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டால் தீபாவளி முடியும் வரை எங்களுக்கு வேலை நேரம் என்று ஒன்று இருக்காது. அதற்கு முன்னதாக, கடை உரிமையாளர் சங்கங்களையும் எங்களையும் அழைத்து முத்தரப்புக் கூட்டம் ஒன்றைக் கூட்டித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். உறுப்பினர்களின் சம்பளச் சீட்டுகளையும், அவர்கள் பணிபுரிந்த நாட்களின் பில் நேரக் குறிப்புகளையும் அன்று நேரில் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் உறுப்பினர்கள்