பர்மிட் யாருக்குக் காவல்?

அரசு பிடியைத் தளர்த்தினால் ஏழையைப் பணக்காரன் விழுங்கிவிடுவான் என்பது நம்மிடையே விவாதமே தேவைப்படாத உண்மையாகிவிட்டது. கட்டுப்பாடு என்றால் ஏழை பக்கம், சந்தை என்றால் முதலாளி பக்கம். இதில் இடதுக்கும் வலதுக்கும் பெரிய சண்டை இல்லை. 1959இல் எண்பது வயதில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, அன்றைய ஆட்சிமுறையை லைசென்ஸ், பர்மிட், கோட்டா ராஜ்யம் என்று சாடிய ராஜாஜியை இன்றும் பணக்காரர்களின் வக்கீல் என்றே ஒதுக்குகிறோம். அவர் பின்னால் மன்னர்களும் மிராசுதாரர்களும் திரண்டது உண்மைதான். அந்தக் கூட்டம் அவர் வாதத்துக்குச் செய்த கெடுதல் கொஞ்சமல்ல. ஆனால் யார் கைதட்டினார்கள் என்பதை வைத்து ஒரு வாதத்தை எடைபோட முடியாது. கட்டுப்பாடு கோலோச்சிய நாற்பது ஆண்டுகளில் அது யாரைக் காத்தது என்று பார்ப்போம்.

1951ஆம் ஆண்டின் தொழில் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டப்படி, குறிப்பிட்ட தொழில்களில் ஓரளவுக்கு மேல் பெரிய ஆலை தொடங்கவும் விரிவாக்கவும் டெல்லியின் உரிமம் வேண்டும். பெருமுதலாளிகள் கையில் செல்வம் குவியக் கூடாது என்பதும் சொல்லப்பட்ட நோக்கங்களில் ஒன்று. நடந்ததை 1960களில் திட்டக் குழுவுக்காக ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ஆர்.கே. ஹசாரி எடுத்துக்காட்டினார்: உரிமங்களில் பெரும் பங்கைப் பிர்லா போன்ற பெரிய குழுமங்களே வாரிக்கொண்டன, வாங்கிய பலவற்றில் ஆலையே எழவில்லை. ஆலை கட்டாமல் உரிமத்தை மட்டும் வாங்கிப் பூட்டி வைப்பதில் என்ன லாபம்? நாட்டுக்கு இவ்வளவு உற்பத்தி போதும் என்று அதிகாரி ஒரு வரம்பு வைத்திருந்தார். அதை விண்ணப்பத்தாலேயே நிரப்பிவிட்டால் போட்டியாளன் உள்ளே வர முடியாது. டெல்லியில் ஆள் வைத்து ஃபைலை நகர்த்தப் பெரிய குழுமத்தால் முடியும். கோவையில் பட்டறை நடத்திக்கொண்டு பெரிதாக வளர நினைத்தவரால் முடியுமா? முதலாளியை அடக்கப் போட்ட வேலி, முதலாளிக்கே மதில்சுவராயிற்று.

வாங்குகிறவர் பாடு இன்னும் மோசம். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. விலையை அரசு வைத்தது, எத்தனை வண்டி செய்யலாம் என்பதையும் அரசே வைத்தது. ஆகவே முறை வந்து வண்டி கிடைத்த அன்றே அதைக் கூடுதல் விலைக்குக் கைமாற்றலாம். அந்நியச் செலாவணியில் பணம் கட்ட வெளிநாட்டில் சொந்தக்காரர் இருந்தால் கியூவே வேண்டாம். தொலைபேசிக்கும் கேஸ் இணைப்புக்கும் இதே கதை, எம்.பி. கோட்டா, சிபாரிசுக் கடிதம், தெரிந்த மனிதர் என்று குறுக்கு வழிகள் பல. பொருள் பற்றாக்குறையாக இருக்கும்போது விலை தேர்ந்தெடுக்காவிட்டால் வேறு ஏதோ ஒன்று தேர்ந்தெடுக்கும். நம் நாட்டில் அது எப்போதும் செல்வாக்குதான். பணமாவது உழைத்தால் வரும். அமைச்சரின் மைத்துனராக உழைத்து வர முடியாது.

அப்படியானால் ரேஷன் அரிசியும் மதிய உணவும் வேண்டாமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் இரண்டு வேறு காரியங்களை ஒன்றாக்குகிறது. பசித்தவனுக்கு அரசு சோறு போடுவது வேறு, விளைந்த நெல்லை அடுத்த மாவட்டத்துக்கு எடுத்துச் செல்லக் கூடாது என்று மறிப்பது வேறு. 1952இல் சென்னை மாநில முதல்வரான ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியபோது பட்டினி வரும் என்று பலரும் அஞ்சினார்கள். வரவில்லை, 1954க்குள் நாடு முழுவதுமே உணவுக் கட்டுப்பாடு போனது. நல்ல விளைச்சலும் கைகொடுத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இதில் சுதந்திரவாதிகள் சிலரோடும் எனக்குப் பிணக்கு உண்டு. அரசு போலீசும் நீதிமன்றமும் நடத்தினால் போதும் என்பவர்கள், கையில் நிலமோ படிப்போ இல்லாதவன் எந்தச் சந்தைக்குள் எதை எடுத்துக்கொண்டு நுழைவான் என்று சொல்வதில்லை. பள்ளிக்கூடம் நடத்துவதிலும் தீண்டாமையைத் தண்டிப்பதிலும் அரசு இன்னும் வலுவாகவே இருக்க வேண்டும்.

கட்டுப்பாடு இல்லாவிட்டால் ஆலைகள் மக்களைக் கொன்றுவிடும் என்பது அடுத்த ஆட்சேபம். 1984இல் போபாலில் நச்சுவாயு கசிந்த ஆலை, லைசென்ஸ் ராஜ்யம் கொடிகட்டிப் பறந்தபோது, முறைப்படி உரிமம் பெற்றே இயங்கியது. எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்று எண்ணிக்கொண்டிருந்த அரசு, நச்சுத் தொட்டியின் குளிர்விப்பு இயந்திரம் ஓடுகிறதா என்று பார்க்கவில்லை. எல்லோருக்கும் பொதுவான பாதுகாப்பு விதி ஒன்று. அதிகாரி விரும்பினால் தரலாம், விரும்பாவிட்டால் இழுத்தடிக்கலாம் என்னும் அனுமதி வேறொன்று.

சரி, 1991க்குப் பிறகு தளர்த்தினோமே, ஊழல் ஒழிந்ததா என்பது கடைசிக் கேள்வி. தளர்த்தாத இடத்தைப் பாருங்கள். 2ஜி அலைக்கற்றையை ஏலம் விடாமல், முதலில் வந்தவருக்கு முதலில் என்று அமைச்சகம் தன் கையால் பங்கிட்டது. விண்ணப்பத்துக்கான கடைசித் தேதி பின்னர் 2007 செப்டம்பர் 25 என்று முன்னுக்கு இழுக்கப்பட்டது. 2008 ஜனவரி 10 அன்று பிற்பகல் 2.45க்கு அறிவிப்பு, 3.30க்கு வந்து உரிமத்துக்கான ஒப்புதல் கடிதத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். கிரிமினல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களைத் தனி நீதிமன்றம் 2017இல் விடுதலை செய்தது. ஆனால் பங்கிட்ட முறையே தன்னிச்சையானது என்று சொல்லி 122 உரிமங்களையும் உச்ச நீதிமன்றம் 2012லேயே ரத்து செய்திருந்தது. முக்கால் மணி நேர அவகாசத்தில் உரிமக் கட்டணத்துக்கான கோடிக்கணக்கான பணத்தை யார் திரட்ட முடியும்? அறிவிப்புக்கு முந்தைய தேதியிலேயே எடுத்த டிமாண்ட் டிராஃப்டுகள் சில விண்ணப்பதாரர்களிடம் தயாராக இருந்தன என்று தணிக்கைத் துறை எழுதி வைத்திருக்கிறது.