சாரதியின் முதுகும் சட்டத்தின் மௌனமும்

காலபோகம் தொடங்கிவிட்டால் இரணைமடுவின் கீழும் கட்டுக்கரையின் கீழும் உழவு இயந்திரத்தின் உறுமல் இரவிலும் ஓய்வதில்லை. மாடு பூட்டி உழுத காலம் போயிற்று. போனதற்காக நாம் அழப்போவதுமில்லை. ஆனால், இயந்திரத்தின்மேல் அமர்ந்திருப்பவனும் இரும்பால் ஆனவன் என்று எண்ணிவிட்டோமே, அதுதான் கொடுமை!

இடுப்பு வலிக்கிறது என்று அவன் சொன்னால் வயதுக் கோளாறு என்கிறோம். முப்பத்தைந்தில் என்ன வயதுக் கோளாறு? உழவு இயந்திரத்தின் பின்னச்சுக்குப் பெரும்பாலும் வில் கிடையாது. வரப்பும் மண்கட்டியும் கொடுக்கும் அடியை ரயரும் இருக்கையுமே தாங்க வேண்டும். அவை தாங்காததை முள்ளந்தண்டு தாங்குகிறது. செக்கனுக்கு 4 முதல் 8 தடவை வரையான அதிர்வுக்கே மனித உடல் மிக இலகுவில் இசைந்து ஆடும். இவ்வியந்திரம் எழுப்பும் அதிர்வும் பெரும்பாலும் அதனை அண்டியதே. போதாக்குறைக்குப் பின்னாலுள்ள கலப்பையை நோக்கி உடலை முறுக்கியபடியே அவன் ஓட்டுகிறான். லாண்ட்மாஸ்டர் பிடிப்பவனுக்கோ விரல்கள் மரத்துப்போகின்றன.

ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் இதற்கு அளவு விதித்தது. 8 மணி நேர வேலைநாளுக்கு, ஆர்முடுகல் கணக்கில், அதிர்வு 0.5ஐ எட்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும்; 1.15ஐத் தாண்டவே கூடாது. 1 என்னும் அளவில் அதிரும் இருக்கையில் 2 மணி நேரம் இருந்தாலே முதலாம் எல்லை வந்துவிடும். நீண்டகால அதிர்வினால் வரும் இடுப்பு முள்ளந்தண்டு நோயை ஜெர்மனி 1993 முதல் தொழில்நோயாக ஏற்றுள்ளது.

இங்கோ? 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்துக்கு வயல் ஒரு தொழிற்சாலையன்று. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமோ முதன்மையாக விபத்தை மனத்திற் கொண்டு எழுந்தது. விபத்துக்கு நாளுண்டு, நேரமுண்டு, சாட்சியுண்டு. பத்து வருடமாகத் தேயும் முதுகுக்கு எந்த நாளைக் குறிப்பது? நியமனக் கடிதமே இல்லாதவன் தனக்கு முதலாளி இன்னார் என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டியவனாகிறான்.

ஏக்கர்க் கணக்கிற் கூலி கொடுக்கும் வழக்கமும் குற்றத்திற் பங்காளியே. விரைந்து ஓட்டினால் கூலி கூடும்; விரைவு கூட அதிர்வும் கூடும். மணிக்கணக்கிற் கூலி கேட்பது சோம்பலன்று.

லீசிங்கில் வாங்கித் தானே ஓட்டுபவனுக்கு வழக்காட முதலாளியுமில்லை. ஆகவே பரிகாரம் துறைமுகத்திலேயே தொடங்க வேண்டும். உழவு இயந்திர இருக்கைக்கென்றே ஐரோப்பியச் சமூகம் 1978இல் தனி நெறிமுறை செய்தது. சாரதியின் எடைக்கேற்பத் திருத்தக்கூடிய வில்லிருக்கையின்றி எந்த இயந்திரமும் இறங்கலாகாது என்று விதிக்க இங்கும் பெரும்பணம் வேண்டியதில்லை. கமக்கார அமைப்புகள் இதனை எழுத்திற் கேட்க வேண்டும்.

அதுவரை சாரதிகள் ஒரு பயிற்சிக் கொப்பியில் திகதி, உழுத காணி, ஓட்டிய மணி, கூலி தந்தவர் பெயர் ஆகியவற்றை அன்றன்றே எழுதிவைக்கட்டும். நோய் முற்றியபின் ஞாபகத்திலிருந்து சொல்லும் கணக்கைவிட, அன்றன்றே எழுதிய அக்கொப்பிக்கு விசாரணையில் மதிப்பு அதிகம்.