திரும்பச் சொல்லும் அதிகாரம் யாருக்கு?

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீ 23 உயிர்களைப் பறித்தது. சென்னையிலிருந்து வந்த மலையேற்றக் குழுவோடு, ஈரோடு – திருப்பூர் பகுதியிலிருந்து சென்ற குழுவும் அன்று அந்தச் சரிவில் இருந்தது. அதன் பிறகு நடந்த விவாதம் பெரும்பாலும் அனுமதியைச் சுற்றியே ஓடியது. எந்தப் பாதைக்கு அனுமதி வாங்கினார்கள், யார் கொடுத்தார்கள், அவர்கள் நடந்த கொழுக்குமலைப் பாதை அதில் இருந்ததா என்றெல்லாம் கேட்டார்கள். ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் அரசு விசாரணையும் நடத்தியது. அந்தக் கேள்விகள் தேவையானவைதான். ஆனால் அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு. புல் காய்ந்து சருகாகிக் கிடக்கும் மார்ச் மாதத்தில், “இந்த வாரம் வேண்டாம், திரும்பிவிடலாம்” என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது? வழிகாட்டியோடு போகும் எந்த மலைப் பயணத்தையும் திட்டமிடும்போது முதலில் முடிவாக வேண்டியது இதுதான். பாதை, உணவு, கூடாரம் எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாட்டில் நிலைமை மாறியிருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 40 பாதைகளை இணையப் பதிவின் கீழ் கொண்டுவந்தது. பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக அமர்த்தியது. திருப்பூர் மாவட்டத்துக்கும் சின்னாறு சோதனைச்சாவடியிலிருந்து கூட்டாறு வரையிலான பாதை கிடைத்தது. காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். அதாவது ‘இப்போது வேண்டாம்’ என்ற முடிவை அரசே எடுத்துக்கொண்டது. இது நல்ல மாற்றம். ஆனால் சம்பளமும் விடுமுறையும் கொஞ்சம் கூடியவர்களின் கண் இன்று கிளிமஞ்சாரோ, இந்தோனேசிய எரிமலைகள் என்று வெளியே போகிறது. அங்கே நம் வனத்துறை இல்லை. அந்த முடிவை, பயணத்தை ஏற்பாடு செய்பவரும் பணம் கட்டுபவரும்தான் எடுத்தாக வேண்டும்.

அங்கும் அரசு அனுமதி இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்கு சுமத்ராவின் மராப்பி எரிமலை சாட்சி. 2,891 மீட்டர் உயரமுள்ள அந்த மலை 2023 டிசம்பர் 3 அன்று வெடித்தபோது 75 பேர் வரை மலையில் இருந்தார்கள். அவர்களில் 24 பேர் இறந்தார்கள். எரிமலையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு, எரிவாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் யாரும் போக வேண்டாம் என்று ஏற்கெனவே எச்சரித்திருந்தது. இன்னொரு அரசு அலுவலகம் இணையத்தில் பதிவு செய்து மலையேற விட்டுக்கொண்டிருந்தது. எச்சரிக்கை ஒரு மேசையில், அனுமதிச் சீட்டு வேறொரு மேசையில். மலையேறியவர்கள் கையில் இருந்தது சீட்டு மட்டும்தான்.

இந்தச் சீட்டின் மதிப்பை, ஏற்றுமதிக்கு ஆடை தைக்கும் திருப்பூருக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. டாக்கா அருகே 2013 ஏப்ரல் 24 அன்று ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அங்கே இயங்கிய கம்பெனிகளில் சில, வெளிநாட்டு ஆடிட்டில் தேறியவை. முதல் நாளே சுவரில் விரிசல் விட்டிருந்தது. அதே கட்டடத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்றது. ஷிப்மென்ட் நெருக்கடியில் இருந்த தையல் தளங்களுக்கோ மறுநாளும் ஆட்களை வரச் சொன்னார்கள். விரிசலைப் பார்த்த கண்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தன. ‘உள்ளே போக மாட்டோம்’ என்று சொல்லும் அதிகாரம்தான் யாரிடமும் இல்லை. மலையில் வழிகாட்டியின் நிலையும் இதுவே. மேகம் கறுப்பதும், பின்னால் வருபவரின் நடை தள்ளாடுவதும் முதலில் அவர் கண்ணில்தான் படும். ஆனால் தேதியும் பணமும் அவர் வாயைக் கட்டிப் போட்டிருந்தால் அந்த அறிவால் யாருக்கும் பயனில்லை.

தேதி எப்படி வாயைக் கட்டும் என்பதற்குக் கிளிமஞ்சாரோவின் மரங்கு பாதையைப் பார்க்கலாம். நுழைவாயில் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐந்து நாள் திட்டத்தில் முதல் இரவு சுமார் 2,700 மீட்டர், இரண்டாம் இரவு 3,700, மூன்றாம் நாள் 4,700. அங்கே சற்றுக் கண்ணயர்ந்துவிட்டு நள்ளிரவில் கிளம்பி 5,895 மீட்டர் உச்சி. 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. இந்தத் திட்டமோ அதைப்போல் இரண்டு மடங்கு ஏற்றுகிறது. ஆறு நாள் திட்டம் 3,700 மீட்டரில் கூடுதலாக ஓர் இரவு தங்கவைத்து, உடல் பழகிக்கொள்ள அவகாசம் தருகிறது. விளம்பரத்தில் ஒரு நாள் குறைந்தால் விலை குறையும், விடுப்பும் மிச்சம். அந்த மிச்சம் பயணியின் நுரையீரலிலிருந்தும் வழிகாட்டியின் அவகாசத்திலிருந்தும் வெட்டி எடுக்கப்பட்டது. பீஸ் ரேட்டில் பைசா குறைத்தால் அது யார் தலையில் விடியும் என்று தெரிந்த ஊருக்கு இந்தக் கணக்கு புரியாமல் போகாது.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, இயற்கையை யாரும் கணிக்க முடியாது, விதி முடிந்தால் எங்கும் நடக்கும் என்பது. ஜப்பானின் ஒன்டாக்கே எரிமலை 2014 செப்டம்பர் 27 அன்று வெடித்தபோது எச்சரிக்கை அளவு மிகக் குறைந்த படியில்தான் இருந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 63 பேர். நிபுணர்களாலும் கணிக்க முடியவில்லை என்பது உண்மை. ஆனால் கணிக்க முடியாது என்பதுதான் எரிவாய் அருகே நிற்கும் நேரத்தைக் குறைப்பதற்கும், சந்தேகம் வந்தால் இறங்கிவிடுவதற்கும் காரணமே தவிர, திட்டமிடாமல் இருப்பதற்கு அல்ல. இரண்டாவது மறுப்பு, அதிகாரம் கொடுத்தால் வழிகாட்டி சோம்பலில் பாதியிலேயே திருப்பிவிடுவார், கட்டிய பணம் போச்சு என்பது. நடைமுறையில் தூண்டுதல் எதிர்த்திசையில்தான் இருக்கிறது. உச்சி தொட்டவர்கள்தான் மகிழ்ந்து இனாம் கொடுக்கிறார்கள், நல்ல மதிப்பெண் போடுகிறார்கள். அதையும் மீறி ஐயம் இருந்தால், எத்தனை மணிக்குள் உச்சியை அடையாவிட்டால் திரும்புவது, என்னென்ன அறிகுறி தெரிந்தால் இறக்குவது என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம். எழுதிய விதி சோம்பலையும் தடுக்கும், வீம்பையும் தடுக்கும்.

ஆகவே தீபாவளி போனஸ் கையில் வந்ததும் பயணம் பேசுகிறவர்களும், ஊழியர்களை அழைத்துப்போகும் கம்பெனிகளும் முன்பணம் கட்டும் முன் ஐந்து விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். திரும்பும் முடிவில் வழிகாட்டியின் சொல்லே இறுதி என்ற உறுதி. திரும்பினாலும் அவர் கூலியும் சுமைதூக்கிகளின் கூலியும் குறையாது என்ற உறுதி. திட்டத்தில் ஒரு நாளாவது உபரி. ஒருவர் நோயுற்றால் அவரை மட்டும் இறக்கிக் கூட்டிவர இரண்டாவது வழிகாட்டி. போகும் உயரத்துக்குச் செல்லுபடியாகும் காப்பீடு. நம் பையர்கள் நம்மிடம் ஒவ்வொரு ஆர்டருக்கும் இதைவிடக் கறாராகக் கேட்கிறார்கள். அவ்வளவு கேட்டால் யாரும் தர மாட்டார்கள் என்று சொல்லும் நிறுவனத்திடம் பணம் கட்டாதீர்கள்.