ஷாம்புக்கு 5%, கண்டிஷனருக்கு 18%: குழந்தையின் சிக்கு முடிக்கு உண்மையில் எது தேவை?

2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, ஹேர் ஆயில் இரண்டுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. தினமும் வீட்டில் புழங்கும் பொருட்கள் என்பதுதான் காரணம். ஆனால் அதே ஷெல்ஃபில் பக்கத்திலேயே நிற்கும் கண்டிஷனர், ஹேர் க்ரீம், சிக்கெடுக்கும் 'டிடேங்ளர்' ஸ்பிரே எல்லாம் இன்னும் 18 சதவீதத்தில்தான் இருக்கின்றன.

வரிக்கு முன் 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஷாம்பு 210 ரூபாய், கண்டிஷனர் 236 ரூபாய். வித்தியாசம் சின்னதுதான். ஆனால் நீளமான முடி இருக்கும் குழந்தை உள்ள வீட்டில், ஸ்கூல் வேன் வரும் நேரத்தில் நடக்கும் அழுகையை நிறுத்துவது ஷாம்பு இல்லை, கண்டிஷனர்தான். எப்படி? பார்ப்போம்.

முடி ஏன் சிக்காகுது?

ஒவ்வொரு முடியின் வெளிப்பக்கமும் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய செதில்களால் ஆனது. செதில்கள் படிந்திருந்தால் முடி வழுக்கிக்கொண்டு போகும். தேய்ந்து தூக்கிக்கொண்டால் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும்.

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். அப்படியானால் 40 சென்டிமீட்டர் முடியின் நுனிக்கு வயசு மூன்று வருஷத்துக்கும் மேல்! அத்தனை நாள் வெயில், சீப்பு, தலையணை உரசல் எல்லாவற்றையும் தாங்கியது அந்த நுனி. சிக்கு அங்கேயே தொடங்குவதில் ஆச்சரியம் இல்லை. குழந்தைகளின் முடி பெரியவர்களுடையதைவிட மெல்லியது என்பதால் இன்னும் சுலபமாக முடிச்சு விழும். சுருட்டை முடியென்றால் கேட்கவே வேண்டாம்.

ஷாம்பு அழுக்கோடு சேர்த்து எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும். அதனால் உரசல் கூடும். இன்னொரு விஷயம்: 'நோ டியர்ஸ்' என்ற வாக்கியம் கண் எரிச்சலைப் பற்றியது. சீப்பு வைக்கும்போது வரும் கண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கண்டிஷனர் என்ன செய்யுது?

நனைந்த முடியில், அதிலும் தேய்ந்த இடத்தில், எதிர்மின் தன்மை அதிகம். கண்டிஷனரில் இருக்கும் சில மூலப்பொருட்கள் நேர்மின் தன்மை கொண்டவை. அதனால் தேய்ந்த இடத்திலேயே போய் ஒட்டிக்கொள்ளும். லேபிளில் பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, செட்ரைமோனியம் குளோரைடு என்று இருப்பது இதுதான். டைமெத்திகோன் என்பது சிலிக்கோன், வழுவழுப்பு தரும். செட்டைல் ஆல்கஹாலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; அது முடியை உலர்த்தும் ஆல்கஹால் இல்லை, கொழுப்பு வகை.

டிடேங்ளர் ஸ்பிரே? பெரும்பாலும் தண்ணீர் கலந்த லேசான கண்டிஷனர், கூடவே வாசனை. அலசத் தேவையில்லை என்பதுதான் அதன் வசதி.

தேங்காய் எண்ணெய் போதாதா? நிறைய வீடுகளில் போதும். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவி, புரத இழப்பைக் குறைப்பது தெரிந்தது. மினரல் ஆயிலும் சூரியகாந்தி எண்ணெயும் அதைச் செய்யவில்லை. குளிப்பதற்கு முன் தடவுவது நம் பாட்டிமார் சொன்னதுதான், அது சரிதான். ஆனால் ஷாம்பு போட்ட பிறகு வரும் சிக்குக்கு கண்டிஷனர்தான் வேகமான வழி.

'கிட்ஸ்' என்று போட்டிருந்தால் பாதுகாப்பா?

அந்த ஒரு வார்த்தையை வைத்து முடிவு செய்ய முடியாது. ஐரோப்பிய யூனியனில் மூன்று வயதுக்குக் கீழான குழந்தைகளுக்கான அழகுப் பொருட்களுக்குத் தனிப் பாதுகாப்பு மதிப்பீடு கட்டாயம். இந்தியாவில் வாங்குபவர் கையில் இருக்கும் நல்ல ஆயுதம், 2020 அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி லேபிளில் இருக்க வேண்டிய மூலப்பொருள் பட்டியல். ஒரு சதவீதத்துக்கு மேல் இருப்பவை அளவு அதிகமானதில் இருந்து குறைவானது என்ற வரிசையில் இருக்கும். அதாவது, முன்பக்கம் பெரிசாகப் போட்ட பாதாம் எண்ணெய் பட்டியலின் கடைசியில் இருந்தால், பேருக்குத்தான் இருக்கிறது.

பட்டியலில் இரண்டைத் தேடுங்கள்:

• டிஎம்டிஎம் ஹைடன்டோயின், குவாட்டர்னியம்-15: இவை மெல்ல மெல்ல ஃபார்மால்டிஹைடை வெளியிடும் பதப்படுத்திகள். அந்த அளவு 0.001 சதவீதத்தைத் தாண்டினால் லேபிளில் எச்சரிக்கை போட வேண்டும் என்று ஐரோப்பிய யூனியன் 2022-ல் விதியைக் கடுமையாக்கியது.

• மெத்தில்ஐசோதயசோலினோன்: தோல் ஒவ்வாமை காரணமாக, அலசாமல் விடும் பொருட்களில் இதற்கு 2017 முதல் ஐரோப்பாவில் தடை. ஸ்பிரே அலசாமல் விடுவதுதான் என்பதை மறக்க வேண்டாம்.

எக்ஸிமா இருக்கும் குழந்தை என்றால் வாசனை இல்லாததே நல்லது. ஸ்பிரேயை முகத்துக்குப் பக்கத்தில் அடிக்காமல், உங்கள் உள்ளங்கையில் அடித்துத் தடவுங்கள்.

'ஒரேயடியா ஸ்ட்ரெயிட்டனிங் பண்ணிட்டா?'

குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். ஃபார்மால்டிஹைட் உள்ள ஸ்ட்ரெயிட்டனிங் பொருட்களில் பிரச்சினை என்றதும் பல பார்லர்கள் கிளையாக்ஸிலிக் ஆசிட் உள்ளவற்றுக்கு மாறின. அதைப் பயன்படுத்திய பெண்களுக்குத் திடீர் சிறுநீரகப் பாதிப்பு வந்தது இஸ்ரேல், பிரான்ஸ் நாடுகளின் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது. சீப்பால் தீரும் விஷயத்துக்கு இவ்வளவு ரிஸ்க் எதற்கு?

சரி, வீட்டில் எப்படி?

1. தலைக்கு ஊற்றும் முன் காய்ந்த முடியில் சிக்கெடுங்கள். சிக்கோடு நனைத்தால் முடிச்சு இறுகும்.

2. ஷாம்பு உச்சந்தலைக்கு மட்டும். முடியை மேலே சுருட்டிக் குவித்துத் தேய்க்க வேண்டாம்.

3. கண்டிஷனர் பாதி நீளத்தில் இருந்து நுனிவரை. அது முடியில் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வாருங்கள். முடிச்சுக்கு மேலே முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் இழுப்பு தலைக்குப் போகாது. குழந்தை அழுவது அந்த இழுப்பால்தான்.

4. துண்டால் பரபரவென்று தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

5. தூங்கும்போது தளர்வாக ஒரு பின்னல். ஸ்கூலுக்கு இரட்டைச் சடை கட்டாயம் என்றாலும் நெற்றி ஓரத்தில் இழுத்துக் கட்ட வேண்டாம். தினமும் இறுக்கினால் அந்த இடத்தில் முடி கொட்டத் தொடங்கும்.

6. இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நுனி வெட்டுங்கள். எந்த ஸ்பிரேயும் தேய்ந்த நுனியைப் புதுசாக்காது.

கடைசியா...

இதற்கெல்லாம் கார்ட்டூன் படம் போட்ட தனி பாட்டில் அவசியம் இல்லை. பட்டியல் சுத்தமாக, வாசனை குறைவாக இருக்கும் சாதாரண கண்டிஷனரும் ஒரு அகலப் பல் சீப்பும் போதும். மீதி, குழந்தையின் முடி நம் கையில் இருக்கும் பத்து நிமிஷப் பொறுமை.

வரி விஷயத்தில் ஒரு கேள்வி மட்டும் மிச்சம். நீள முடி உள்ள குழந்தையின் வீட்டில் ஷாம்பு தினசரித் தேவை என்றால், கண்டிஷனர் மட்டும் எப்படி அந்தக் கணக்கில் வராமல் போனது? ஜிஎஸ்டி கவுன்சில் அடுத்த முறை பட்டியலைத் திறக்கும்போது இந்தக் கேள்வியும் மேஜையில் இருக்க வேண்டும்.