‘ஏதும் தேவையெண்டா சொல்லுங்கோ’ போதாது

வருத்தக்காரரைப் பார்க்கப் போகிற விசயத்தில் எங்கட சனத்தைக் குறை சொல்ல ஏலாது. ஒருவரை வாட்டில் மறித்துப் போட்டார்கள் என்று கேள்விப்பட்டால், அன்று பின்னேரமே கட்டிலைச் சுற்றி நிற்க இடமிருக்காது. தோடம்பழம், அப்பிள், மா ரின், கிறீம் கிராக்கர் எல்லாம் வந்து குவியும். “டொக்டர்மார் என்ன சொல்லினம்?” என்று வருகிற ஒவ்வொருவரும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பத்தாவது தடவையாகப் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறவரிடம், “நீங்கள் சாப்பிட்டனீங்களோ?” என்று கேட்கிறவர்கள் மிகக் குறைவு.

அவருக்கு எங்கள் பேச்சில் ஒரு பெயர்கூடக் கிடையாது. “ஆர் நிக்கிறது?” என்று கேட்போம். “மூத்தவள் நிக்கிறாள்” என்று பதில் வரும். நிற்பது என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை வேலை? முகம் கழுவி விடுவது, சாப்பாடு தீத்துவது, மலசலகூடத்துக்குத் தாங்கிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது, சேலைன் முடியப் போகிறது என்று நேர்ஸைக் கூப்பிடுவது, ஸ்கானுக்குத் தள்ளுவண்டியின் பின்னால் ஓடுவது, இரவில் கதிரை கிடைத்தால் அதிலும் கிடைக்காவிட்டால் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்திலும் கண்ணயர்வது. இவ்வளவுக்கும் சம்பளம் இல்லை. ஓய்வு நாளும் இல்லை.

எங்கள் நாட்டில் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். அது பெரிய விசயம், அதை நாங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் அந்த இலவசத்தின் ஒரு பகுதியை இந்த நிற்கிறவர்கள்தான் தங்கள் உழைப்பால் கட்டுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இரவுக் கடமையில் இருக்கிற ஓரிரு தாதியர் ஒரு முழு விடுதியையும் பார்க்க வேண்டியிருந்தால், மிச்ச வேலையை யார் செய்வது? 2022 நெருக்கடியில் மருந்துகள் இல்லாமற் போனபோது துண்டுச் சீட்டோடு பாமசி பாமசியாக அலைந்தவர்கள் யார்? அதன் பிறகு வைத்தியர்களும் தாதியர்களும் நாட்டைவிட்டுப் போகப் போக, அந்த இடைவெளியின் சுமையும் கட்டிலருகில் நிற்பவர்மேல்தான் விழுகிறது.

யார் நிற்கிறார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் பெண்கள்தான். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, சம்பளமில்லாத வீட்டு வேலையிலும் பராமரிப்பிலும் பெண்கள் ஆண்களைவிட எவ்வளவோ அதிக நேரத்தைச் செலவிடுகிறார்கள் என்று காட்டியது. ஆஸ்பத்திரியில் அதே கதை இன்னொரு கூரைக்குக் கீழே நடக்கிறது, அவ்வளவுதான். தம்பிக்குச் சோதினை, அண்ணாவுக்கு வேலை, ஆகவே அக்கா நிற்பாள். அக்காவுக்கும் வேலை இருந்ததே என்று யாரும் கேட்பதில்லை. ஆண்கள் விடுதியில் இரவில் பெண்கள் நிற்க விடாவிட்டால் சிக்கல் வேறு மாதிரி. போரில் ஆண்களை இழந்த குடும்பங்களும், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்கிற குடும்பங்களும் இரவுக்கு யாரைத் தேடுவது?

தூரமும் சேர்ந்துகொள்ளும். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். நெடுந்தீவு ஆள் என்றால், பின்னேரம் பார்வை நேரம் முடிந்து குறிகட்டுவானுக்குப் போனாலும் ஊருக்குப் படகு இருக்காது. கொழும்புக்கு அனுப்பினால் தங்குமிடச் செலவோடு மொழியும் பிரச்சினை. 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது 1987இல். ஆனாலும் இரவு இரண்டு மணிக்குச் சிங்களத்தில் சொல்லப்படுகிற ஒரு அறிவுறுத்தல் விளங்காமல் நிற்பவருக்கு அந்தத் திருத்தம் உதவிக்கு வராது.

“பெத்தவையைப் பார்க்கிறது கடமை, அதுக்கு ஏன் இவ்வளவு கதை?” என்று சிலர் கேட்பார்கள். கடமைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் கடமை முழுக் குடும்பத்துக்கும் உரியதென்றால், ஏன் ஒரே ஆள் பத்து நாள் நிற்கிறார்? “அவள் தெய்வம் மாதிரிப் பிள்ளை” என்று புகழ்வது லேசு. புகழ்ந்துவிட்டால் முறை மாற வேண்டிய தேவை எங்களுக்கு இல்லாமல் போய்விடுகிறது.

“ஏதும் தேவையெண்டா சொல்லுங்கோ” என்ற வசனமும் அப்படித்தான். நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் என்ன தேவை என்று யோசித்து, யாரிடம் கேட்கலாம் என்று கணக்குப் போட்டு, கூச்சத்தை விட்டுக் கேட்கிற வேலையையும் களைத்துப் போன அந்த ஆளிடமே கொடுத்துவிட்டு வருகிறோம். அதற்குப் பதிலாக, “வியாழன் இரவு நான் நிக்கிறன், நீங்கள் வீட்ட போய்ப் படுங்கோ” என்று சொல்லலாம். மத்தியானச் சாப்பாடு கொண்டு போனால் இரண்டு பார்சலாகக் கொண்டு போகலாம். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் ரியூசனுக்கு ஏற்றி இறக்கலாம். கனடாவிலும் லண்டனிலும் இருந்து வருகிற கோல்களுக்கு ஒருவர் பொறுப்பெடுத்து, தினமும் இரவு வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டால் போதும். காசு அனுப்புகிற உறவுகள், நிற்பவரின் பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் என்று ஒரு பங்கைத் தனியாகச் சொல்லி அனுப்பலாம். சொல்லாமல் வந்த காசில் தனக்கென்று ஒரு தேத்தண்ணி வாங்கவும் அவருக்கு மனம் வராது.

ஆண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அப்பாவுக்குச் சேவ் எடுத்துவிடவும், அம்மாவுக்குச் சோறு குழைத்துத் தீத்தவும் பழகுங்கோ. இது பிறக்கும்போதே பெண்களுக்கு வந்த கலை இல்லை. அவர்களும் பழகித்தான் செய்கிறார்கள்.

மிச்சத்தை நிறுவனங்களிடம் கேட்க வேண்டும். கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி தனியார் ஊழியருக்கு வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் கெசுவல் லீவும் உண்டு. பராமரிப்புக்கென்று தனி லீவு இல்லை. நாட்கூலிக்குப் போகிறவருக்கு எதுவுமே இல்லை. பல்கலைக்கழகத்தில் எங்கட நிலையும் இதுதான். 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் ‘மெடிக்கல்’ போடலாம், அம்மாவோடு ஆஸ்பத்திரியில் நின்றால் போட எதுவும் இல்லை. விடுதியில் இருந்து ஒரு கடிதம் கொண்டு வந்தால் அந்த நாட்களைக் கணக்கில் எடுங்கள் என்று மாணவர் ஒன்றியங்கள் கேட்கலாம். இது பெரிய புரட்சி இல்லை, ஒரு சுற்றறிக்கை.

வைத்தியசாலைகள் சொல்கிற நியாயமும் எங்களுக்கு விளங்கும். ஆட்கள் கூடினால் கிருமி பரவும், வேலை கெடும். அப்படியென்றால் நோயாளிக்கு ஒருவர் என்று பெயர் எழுதிய பாஸ் கொடுங்கள். முதல் நாளே அரை மணித்தியாலம் ஒதுக்கி, எப்படித் தூக்குவது, எதைத் தொடக் கூடாது, எப்போது கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்த மொழியில் சொல்லிக் கொடுங்கள். குளிக்கவும் படுக்கவும் ஒரு அறை, சாய ஒரு கதிரை. அவர் பார்வையாளர் இல்லை, அந்த விடுதியின் வேலையில் பாதியைச் சுமப்பவர்.

அடுத்த முறை தோடம்பழப் பையோடு விடுதிக்குப் போகிறபோது, கட்டிலில் படுத்திருப்பவரிடம் சுகம் கேட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கிறவரிடம் ஒரு நாளும் ஒரு நேரமும் சொல்லிவிட்டு வருவோம். சொன்ன நேரத்துக்குப் போயும் நிற்போம்.