கூரையைப் பிரிக்கும் முன்னர்

நெசவாளனுக்கு வீடு என்பது குடியிருக்கும் இடம் மட்டுமன்று. அதுவே அவனது தொழிற்கூடம். தறி இருக்கும் கூடத்திலேதான் குழந்தைகள் உறங்குகின்றன. ஆகவே, நம் அங்கத்தினர் ஒருவர் வீட்டைப் புதுப்பிக்க முற்படுகிறார் என்றால், தமது இருப்பிடத்தையும் பிழைப்பையும் ஒருங்கே பிரித்துக் கட்டுகிறார் என்றே பொருள். இத்தகைய காரியத்தை அனுமதி பெறாமலே தொடங்கும் வழக்கம் நம்மிடையே பெருகி வருவது பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

"இருக்கிற வீட்டைத்தானே மாற்றுகிறோம், இதற்கு எதற்கு அனுமதி?" என்று பலரும் கேட்கின்றனர். கேள்வியில் பாதி நியாயம் உண்டு. வெள்ளையடிப்பதற்கும், உதிர்ந்த பூச்சைச் சரிசெய்வதற்கும், உடைந்த ஓடுகளை மாற்றுவதற்கும் எவரும் வரைபடம் கேட்பதில்லை. ஆனால் ஓட்டுக்கூரையை நீக்கிக் கான்கிரீட் தளம் போடுவதும், மேலே ஓர் அடுக்கு எழுப்புவதும், பக்கத்தில் அறை சேர்ப்பதும் வெறும் பழுதுபார்ப்பு ஆகா. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், கட்டடத்தின் உபயோகத்தைப் பெரிதும் மாற்றுவதைக்கூட அனுமதிக்கு உட்பட்ட காரியமாகவே கொண்டுள்ளது. மாட்டுக் கொட்டகையை வாடகைக் கிடங்காக மாற்ற எண்ணும் விவசாய அங்கத்தினர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், பாரத்தைப் பார்ப்போம். மங்களூர் ஓடும் அதைத் தாங்கும் சட்டங்களும் சேர்ந்து சதுர அடிக்கு ஏறக்குறைய 6 அல்லது 7 கிலோ இருக்கும். 5 அங்குலக் கனமுள்ள கான்கிரீட் தளமோ சுமார் 29 கிலோ. அதாவது, 300 சதுர அடிக் கூடத்தின்மேல் 2 டன் இருந்த இடத்தில் ஏறக்குறைய 9 டன் வந்து உட்காருகிறது. கீழே இருப்பது பாட்டனார் காலத்தில் மண்சாந்து வைத்துக் கட்டிய செங்கற்சுவர். அச்சுவரின் ஓரமாகவே தறிக்குழி வேறு!

என் தெருவில் ஒரு வீட்டில் இவ்வாறு தளம் போட்டு இரண்டாவது மழைக்காலத்தில், தறிக்குழியை ஒட்டிய மூலையிலிருந்து சுவர் சாய்வாக வெடித்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் பாதி நெய்த பாவை அறுத்தெடுத்துத் தறியை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அக்குடும்பத்துக்கு நான்கு மாதம் கூலி இல்லை. கொத்தனாரைக் குறை சொல்வதற்கில்லை. கட்டச் சொன்னதை அவர் கட்டினார். இச்சுவர் இப்பாரத்தைத் தாங்குமா என்று கணக்கிட்டுச் சொல்லத்தான் அங்கே ஒருவரும் இல்லை. முறைப்படி விண்ணப்பித்திருந்தால், பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் வரைபடத்தில் கையெழுத்திட நேர்ந்திருக்கும். பொறுப்புள்ளவராயின், கையெழுத்திடுமுன் அந்தச் சுவரைப் பார்த்திருப்பார்.

அனுமதிச் சீட்டு ஒன்றே கட்டடத்தைத் தாங்கிவிடும் என்று நான் கூறவில்லை. சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28ஆம் நாள் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அதற்கு அனுமதி இருக்கத்தான் இருந்தது. எனவே, வரைபடத்தைப் பேருக்கு வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, மனம்போனபடி கட்டுவோருக்கும் இதில் விலக்கில்லை.

அடுத்தது கடன் விஷயம். அனுமதியற்ற கட்டுமானம், நெடுங்காலம் ஆகிவிட்டது என்பதாலோ, பெரும்பணம் செலவாகிவிட்டது என்பதாலோ, அதிகாரிகள் வாளாவிருந்தனர் என்பதாலோ முறையானதாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17ஆம் நாள் தீர்ப்பளித்துள்ளது. கட்டட முடிவுச் சான்றைச் சரிபார்த்த பின்னரே கட்டடத்தை ஈடாகக் கொண்டு கடன் தரவேண்டும் என்றும் வங்கிகளுக்கு அத்தீர்ப்புக் கூறுகிறது. சிறிய வீடுகளுக்கு நம் மாநிலத்தில் முடிவுச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. அனுமதியிலிருந்து விலக்கு இல்லை. மகள் திருமணத்துக்கோ மகன் படிப்புக்கோ வீட்டை ஈடு வைக்கப் போகும்போதுதான் நம்மவர் இதை அறிகின்றனர். சேமிப்பெல்லாம் எதில் போட்டோமோ, அதுவே அன்று ஈட்டுக்கு உதவாததாகி நிற்கிறது.

நெசவுத் தெருக்களுக்கென்று மற்றொன்றும் உண்டு. விடியற்காலையில் பாவை நீட்டிக் கஞ்சி போடுவது தெருவில்தான். ஒவ்வொருவரும் படியை ஒரு முழமும், மேலே தாழ்வாரத்தை இரு முழமும் முன்தள்ளிக் கட்டினால், நாளடைவில் பாவு விரிக்க ஏது இடம்? தெருவை விட்டு உள்ளே தள்ளிக் கட்டு என்னும் விதியை அதிகாரிகளின் தொல்லை என்றே கருதியிருக்கிறோம். உண்மையில் அது நம் பாவுக்கு இடம் காக்கும் விதியாகும்.

நிற்க, அலுவலகங்களின் தாமதத்தையும் அலைச்சலையும் நான் அறியாதவனல்லேன். ஒரு சிறு அறை சேர்ப்பதற்காக நானே ஐந்து முறை படியேறித் திரும்பியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போயிற்று. இந்தக் குறையைச் சொல்லுவோர்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடிக்கு மேற்படாத குடியிருப்பைத் தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டுவோர், சுயசான்று முறையில் இணையவழியே உடனடி அனுமதி பெறலாம் என்று அரசு ஏற்பாடு செய்துள்ளது. தமது வேலை இம்முறைக்குள் அடங்குமா என்பதைத் தொடங்குமுன் கேட்டறிவது நல்லது. இடைத்தரகரிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்த பின்னர் கேட்பதில் பயனில்லை.

தனித்தனியே சென்றால்தான் நாம் அலைக்கழிக்கப்படுகிறோம். நூல் வாங்கவும் சரக்கு விற்கவும் ஒன்றுகூடிய நாம், இதற்கும் ஒன்றுகூடலாமே! மாதம் ஒரு நாள் பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் சங்கக் கட்டடத்தில் அமர்ந்து அங்கத்தினர்களின் வரைபடங்களைப் பார்க்கவும், வேண்டியபோது வீட்டுக்கே சென்று சுவரையும் அடித்தளத்தையும் சோதிக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும். அவரது ஊதியத்தைச் சங்கமும் விண்ணப்பிப்பவரும் பாதிப் பாதியாக ஏற்கலாம். இணையவழி விண்ணப்பத்தைச் சங்க எழுத்தரே நிரப்பித் தரலாம். வருகிற பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியுள்ளேன். ஆமோதிக்க விரும்பும் அங்கத்தினர்களும், செலவு மிகுதி என்று மறுக்க விரும்புவோரும், கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே காரியதரிசியிடம் எழுத்து மூலம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.