புதுவையும் இருப்புப்பாதையும்

ஒரு நகரின் செழுமையை அதன் மாளிகைகளைக் கொண்டு அளப்பார் பலர். பொழுது சாய்ந்தபின் அந்நகரில் உழைத்தோர் எவ்வாறு வீடு சேர்கின்றனர் என்பதைக் கொண்டு அளத்தலே நேரிது என்பது எம் கருத்து. அவ்வளவுகோலைக் கையிற்கொண்டு யாம் பிறந்து வளர்ந்த புதுவையை நோக்குமிடத்து, கடற்கரையின் எழிலாலும் தெருக்களின் ஒழுங்காலும் உண்டாகும் பெருமிதம் சற்றே அடங்கிவிடுகின்றது.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர்க்குத் தண்டவாளத்தோடு என்ன உறவு என்று நண்பர்கள் நகையாடக்கூடும். வழிப்போவார்க்கு வழி காட்டுதற்கென்றே ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையை வகுத்துக்கொண்ட மொழியன்றோ நம்முடையது! அவற்றுள் சிறுபாணாற்றுப்படை காட்டும் வழி புதுவைக்கு வடக்கே, இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கிலை நோக்கிச் செல்வது. இடைவழியில் எங்கெங்கே என்னென்ன உணவு கிடைக்கும் என்பது வரை அப்புலவர் சொல்லி வைத்தார். நம் பஸ் நிறுத்தங்கள் பெரும்பாலானவற்றிலோ, அடுத்த வண்டி எப்பொழுது வரும் என்று சொல்ல ஒரு பலகையும் இல்லை.

நிற்க. புதுவைக்கு இருப்புப்பாதை வந்தது 1879-ஆம் ஆண்டில். விழுப்புரத்திலிருந்து ஏறத்தாழ 38 கிலோமீட்டர் தொலைவு. அன்று விழுப்புரம் ஆங்கிலேயருடையது; புதுவை பிரெஞ்சுக்காரருடையது. சட்டம் வேறு, சுங்கம் வேறு, காவல் வேறு. ஆயினும் ஒன்றையொன்று ஐயுற்று நின்ற அவ்விரு பேரரசுகளும் ஒரே தண்டவாளத்தின்மேல் ஒரே வண்டியை ஓட்ட உடன்பட்டன. 1954-இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கிற்று. இன்று இரு புறமும் ஒரே நாடு. ஆயின், காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் மாணவர் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டினுள் புகுந்து மீண்டும் புதுவைக்குள் வருகின்றனர். கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைக்கு விழுப்புரத்தாரும் கடலூராரும் நாடோறும் வருகின்றனர். மக்கள் எல்லையை மறந்து பல காலம் ஆயிற்று. வழித்தட உரிமங்களும் கால அட்டவணைகளுமே இன்னும் அதனை மறக்கவில்லை.

அவ்விருப்புப்பாதை இப்பொழுது அகலப்பாதையாகிவிட்டது. மேலே மின்கம்பியும் ஓடுகின்றது. (புகையில்லாத வண்டியையும் புகைவண்டி என்றே வழங்கும் பழக்கத்தை யாம் விடுவதாயில்லை.) வில்லியனூர், சின்னபாபு சமுத்திரம், வளவனூர் ஆகிய நிலையங்கள் இடையே உள்ளன. வில்லியனூரோ இன்று சிற்றூரன்று. திருக்காமீசுவரர் கோயிலுக்கும் லூர்து அன்னை திருத்தலத்திற்கும் திருவிழாக்காலத்தில் திரள்வோர் ஒருபுறமிருக்க, நாள்தோறும் அங்கிருந்து புதுவைக்கு வேலைக்கும் படிப்புக்கும் வருவோர் கூட்டம் பெரிது. அவர்களெல்லாம் சாலையில் நெருக்குண்டு வர, பக்கத்தே தண்டவாளம் பகலின் பெரும்பகுதி வெறுமையாய்க் கிடக்கின்றது. ஓடுகின்ற சில வண்டிகளும் பெரும்பாலும் தொலைவூர் நோக்கியவை. சென்னைக்குப் போவார்க்கு வண்டியுண்டு. வில்லியனூருக்குப் போவார்க்கு வேண்டிய நேரத்தில் வண்டியில்லை.

இனி பஸ்களைப் பற்றி. புதுவை நகர பஸ்களில் பெரும்பாலானவை தனியாருடையவை. அவர்களை யாம் பழிக்க வரவில்லை; பல சிற்றூர்களுக்கு இன்றும் வண்டி ஓட்டுவோர் அவர்களே. ஆனால் அன்றன்றைய வசூலை நம்பி ஓடும் வண்டி, கூட்டமுள்ள நேரத்தில் ஒன்றையொன்று முந்தும். கூட்டமற்ற நேரத்தில் தலைகாட்டாது. இஃது அவ்வாணிகத்தின் இயல்பு. காலை எட்டரை மணிக்குப் படியில் தொங்கிச் செல்லும் வழித்தடத்தில் இரவு ஒன்பதரைக்கு ஒன்றும் இராது. நேரு வீதித் துணிக்கடைகள் கதவடைக்கும் நேரமோ அதுவே. நாள் முழுதும் நின்றபடி சேலை விரித்துக் காட்டிய பாகூர்ப் பக்கத்துப் பெண், கடைசி வண்டியின்பொருட்டு முதலாளியிடம் கெஞ்ச வேண்டும். அன்றேல் அன்றைய கூலியிற் பெரும்பங்கை ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். எம் வகுப்புத் தோழியர் சிலர் மாலைச் சொற்பொழிவுக்கும் நூலகத்திற்கும் இராது நான்கு மணிக்கே விரைந்து ஓடுவதும் கல்வியிற் பற்றின்மையால் அன்று. தமிழ்நாட்டில் 2021 முதல் அரசின் சாதாரண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். நல்லதே, ஆயினும் வண்டியே வாராத நேரத்தில் இலவசத்தால் ஆவதென்?

பாதை முன்னும் மக்கள் பின்னுமாக வந்தமைக்குச் சான்று அருகிலேயே உண்டு. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார வண்டி ஓடத்தொடங்கியது 1931-இல். சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரை விட்டுத் தாம்பரம் சென்றது 1937-இல். அடிக்கடி வண்டியில்லாத இடத்திற்கு ஒரு பெருங்கல்லூரி பெயர்ந்திருக்குமோ? அதே சென்னை 1953-இல் தன் டிராம் வண்டிகளை இழந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரமும் 1961-இல் அவ்வாறே செய்து, பின்னர்ப் பெரும் பொருள் செலவிட்டு அவற்றை மீண்டும் இட்டுவருகின்றது.

அந்நாட்டின் மேல்கரையிலுள்ள பெர்த் நகரின் வரலாறு நமக்கு இன்னும் அணித்தானது. அங்கு 1979-இல் பிரிமாண்டில் துறைமுகத்துக்குச் செல்லும் பாதையில் பயணியர் வண்டியை அரசு நிறுத்திற்று. பஸ் போதும் என்றது. ஏறத்தாழ 1 லட்சம் பேர் அதனை எதிர்த்துக் கையெழுத்திட்டனர். 1983-இல் பாதை மீண்டும் திறக்கப்பட்டது. 2007-இல் அந்நகரினர் தெற்கே மாந்துரா வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டருக்குப் புதுப்பாதையும் இட்டனர். நம் கருத்தைக் கவர்வது பாதையின் நீளமன்று. வண்டி வரும் நேரத்தை நோக்கி நிலைய வாயிலில் பஸ்கள் வந்து நிற்கும். இரண்டிற்கும் ஒரே கட்டணச் சீட்டு. பஸ்ஸும் இரயிலும் அங்கே பகைவரல்ல, பங்காளிகள். (நம் ஊர்ப் பங்காளிகளைப் போன்றவர் அல்லர் என்பதையும் சொல்லிவிடுகின்றோம்.)

புதுவை சிறிய ஊர், அதற்கு இத்துணை ஆரவாரம் எதற்கு என்பர் சிலர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படியே புதுவை மாவட்டத்தில் 9 லட்சத்து 50 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். மற்றொரு தடை உண்மையானது. அதனை மறைத்தல் முறையன்று. முதலியார்பேட்டைப் பக்கத்தில் இருப்புப்பாதை கடலூர்ச் சாலையைக் குறுக்கிடுகின்றது. வண்டிகள் மிகுந்தால் அவ்வாயில் மூடப்படுவதும் மிகும்; சாலை திணறும். ஆதலின், மேம்பாலமோ சுரங்கவழியோ அமையாமல் அடிக்கடி வண்டி விடுதல் இயலாது. பாதையும் ஒற்றைப்பாதை, எதிர்வண்டி ஒதுங்கி நிற்க நிலையங்களில் இடம் வேண்டும். இவற்றிற்குப் பொருள் வேண்டும், நடுவண் அரசின் இசைவும் வேண்டும். ஆயினும், சென்னையிலிருந்து கடற்கரையோரமாகப் புதுவை வழியாகக் கடலூர் செல்லும் புதுப்பாதை பல ஆண்டுகளாகக் காகிதத்திலேயே ஓடிக்கொண்டிருக்க, இருக்கும் பாதையைப் பயன்படுத்துதற்கு ஆகும் செலவு மிகச் சிறிதேயாகும்.

வில்லியனூரில் தொடங்கலாம். அரைமணிக்கு ஒரு வண்டி என்பது பேராசையாயின், முதற்கண் மணிக்கொன்று போதும். ஆனால் புதுவையிலிருந்து இரவு ஒன்பதே முக்காலுக்கு ஒரு வண்டி கட்டாயம் வேண்டும். அதனை எதிர்நோக்கி வில்லியனூர் நிலையத்தின் வெளியே மூன்று பஸ்கள் நிற்றல் வேண்டும்: ஒன்று திருபுவனைக்கு, ஒன்று பத்துக்கண்ணு வழியாகச் சேதராப்பட்டுக்கு, ஒன்று கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூருக்கு. வண்டி கால்மணி தாழ்த்து வந்தாலும் அம்மூன்றும் புறப்படாதிருத்தல் வேண்டும்.